பிசியோ கிளம்பிய பிறகு

வாரத்துக்கு எத்தனை நாள் பிசியோ வருகிறார், வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அக்காவுக்குப் பக்கவாதம் வந்த புதிதில் நானும் இதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது வேறு. அந்த நேரத்தில் நோயாளி தானாக எத்தனை தடவை கையை அசைத்தார்? பிசியோ கிளம்பிப் போன பிறகு எத்தனை தடவை?

அக்கா திண்டுக்கல்லில் தையல்கடை வைத்திருக்கிறாள். பிளவுஸ், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். வயது 57. பல வருஷமாக பிரஷர் உண்டு, மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள். ஒருநாள் விடியற்காலை எழுந்தபோதே வலது கை வரவில்லை, வாய் குழறியது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தது. நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆனால் தூக்கத்தில் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஊசிக்கு வழியில்லாமல் போனது. மிச்சமிருந்தது பயிற்சி ஒன்றுதான்.

வார்டில் முதல் நாளே எங்கள் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மாமா டாக்டரிடம், "இப்பவே எந்திரிச்சு நடக்க விடுங்க சார், படுத்தா படுத்த படுக்கையா போயிரும்" என்று நின்றார். சித்தி, "நரம்பு நொந்து கிடக்கு, அசைக்கவே கூடாது" என்று காவல் காத்தாள். டாக்டர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கும் முன்பு விழுங்க முடிகிறதா என்று சோதித்தார்கள். பிறகு கட்டிலின் ஓரத்தில் சில நிமிஷம் உட்கார வைத்தார்கள், படுக்க வைத்தார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான். மாமாவுக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

அது ஏமாற்று வேலை இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகமாக எழுப்பி நடமாட விடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று இந்தத் துறையில் நிறையப் பேர் நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஆஸ்திரேலியாக்காரர்கள் தலைமையில் அவெர்ட் என்ற ஆய்வு நடந்தது. சிங்கப்பூர், மலேசியா உட்பட ஐந்து நாடுகள், 56 மருத்துவமனைகள், 2104 நோயாளிகள். 2015இல் முடிவு வந்தபோது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிகப்படியாக நடமாட விட்ட குழுவில் மூன்று மாதம் கழித்து நல்லபடியாக மீண்டவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு, சித்தி சொன்னதுதான் சரி என்று முடிவு கட்ட வேண்டாம். வழக்கமான கவனிப்புக் குழுவிலும் பெரும்பாலோரை ஒரு நாளுக்குள் எழுப்பி உட்கார வைத்திருந்தார்கள். யாரையும் ஒரு வாரம் படுக்கப் போடவில்லை. பிறகு அதே ஆய்வின் விவரங்களை அலசியபோது தெரிய வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: கொஞ்ச நேரம், ஆனால் அடிக்கடி என்று எழுந்தவர்கள் நன்றாக மீண்டிருந்தார்கள், நீண்ட நேரம் ஒரே மூச்சாக எழுந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. எங்கள் டாக்டர் செய்தது அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு பிரச்சினை தலைகீழாக மாறியது. இப்போது அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை, எல்லாம் குறைச்சல். எங்கள் ஏற்பாடு இதுதான்: வாரத்தில் சில நாள் பிசியோ தம்பி வருவார், முக்கால் மணி நேரம். கெட்டிக்காரப் பையன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சும்மா எண்ணிப் பார்த்தேன். வந்ததும் பிரஷர் பார்ப்பது, முந்தின நாள் எப்படி இருந்தது என்ற விசாரணை, தோளையும் முழங்கையையும் அவரே பிடித்து மடக்கி நீட்டுவது, இடையில் ஒரு டீ, சித்தியின் முழங்கால் வலிக்கு இலவச ஆலோசனை. அக்கா தானாக முயன்று, ஏதாவது ஒரு பொருளை நோக்கிக் கையை நீட்டியது நாற்பது தடவைகூட வரவில்லை.

சரி, நம் ஊரில்தான் இப்படி என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே கதை. கேத்தரின் லாங் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் சிகிச்சை நேரங்களில் உட்கார்ந்து எண்ணி, 2009இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வேளைச் சிகிச்சையில் கையால் ஒரு காரியத்தைச் செய்யும் அசைவு சராசரியாக 32 தடவைதான் நடந்திருக்கிறது. விலங்குகளை வைத்து நடந்த சோதனைகளில் மூளை புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்ள ஒரு நாளைக்கு 400 முதல் 600 தடவை அசைவு தேவைப்பட்டிருந்தது. மனிதனுக்கும் அதே எண்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 32க்கும் 400க்கும் உள்ள தூரம் என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

நான் தம்பியிடம் கேட்டேன். "நான் வர்ற நேரத்துல நானூறு வராது. நான் சொல்லித் தர்றேன், தப்பு இருந்தா திருத்துறேன். எண்ணிக்கை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். வேறு ஒரு பிசியோவாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் சேர்த்து வருகிறேன் என்று சொல்லியிருப்பார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தால் ஒரு வேளைக்கு 400, 500 ரூபாய் ஆகிவிடுகிறது. இவர் தன் வருமானத்தைக் குறைத்துக்கொள்ளும் யோசனையைச் சொன்னார்.

பட்டன் டப்பா அப்படித்தான் உள்ளே வந்தது. அக்காவின் கடையில் பெரிய பிஸ்கட் டின் நிறைய பட்டன் கிடக்கும். மேசையில் இடது பக்கம் டின், வலது பக்கம் ஒரு தட்டு. வலது கையால் ஒரு பட்டனை எடுத்துத் தட்டில் போட வேண்டும். ஆரம்பத்தில் பட்டனை எடுக்க முடியவில்லை, விரல் விரியவே இல்லை. அதனால் முதலில் நூல்கண்டு, பிறகு காலி பாபின், அப்புறம் கோட் பட்டன், கடைசியாகச் சட்டைப் பட்டன் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வந்தோம். இதில் ஒரு சௌகரியம் உண்டு, யாரும் எண்ண வேண்டாம். தட்டில் விழுந்ததைச் சாயங்காலம் பார்த்தால் போதும். அக்கா தானே கணக்கு வைத்துக்கொண்டாள். தையல் பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் மாதம் வெட்டுத்துணியில் கோடு தைக்க மட்டுமே கொடுப்பது அவள் வழக்கம். "இப்ப எனக்கு வெட்டுத்துணி கொடுத்திருக்கீங்க" என்றாள்.

அசைவு சுலபமாக வர ஆரம்பித்தால் உடனே கொஞ்சம் கஷ்டப்படுத்த வேண்டும் என்பது தம்பி அழுத்திச் சொன்ன விஷயம். தட்டை இன்னும் தள்ளி வை, உயரத்தில் வை, நின்றுகொண்டு எடுக்கச் சொல். பத்து தடவை முயன்றால் ஏழெட்டு தடவை வெற்றி கிடைக்கிற அளவுக்குக் கஷ்டம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லாமே தோற்றால் மனம் விட்டுப்போகும், எல்லாமே ஜெயித்தால் மூளைக்கு அங்கே வேலை இல்லை.

திண்டுக்கல் என்றால் பூட்டு. மாமா பூட்டுப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அசைவு அக்காவுக்கு வரவே இல்லை, சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோகும்போது வழியெல்லாம் சிந்தும். மாமா ஒரு பழைய பெரிய பூட்டைப் பலகையில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டு வந்தார். சாவியை விட்டுத் திருப்ப வேண்டும், மறுபடி திருப்பிப் பூட்ட வேண்டும். சாவிக்குக் கைப்பிடி சிறியது என்பதால் துணி சுற்றித் தடிமன் ஆக்கினார். தம்பி அதைப் பார்த்துவிட்டு, காசு கொடுத்தால்கூட இப்படி ஒரு சாமான் கிடைக்காது என்றார். அந்தக் 'கடக்' சத்தம் அக்காவுக்குப் பிடித்துப்போனது. டி.வி. சீரியல் ஓட ஓடத் திறந்து பூட்டிக்கொண்டிருப்பாள்.

காலுக்கு இவ்வளவு ஜோடனை தேவைப்படவில்லை. கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, வாசலிலிருந்து தெருமுனை வரை நடப்பது, அவ்வளவுதான். கால் கைக்கு முன்னால் தேறியது. நடப்பதற்கு நாளெல்லாம் கட்டாயம் இருக்கிறது. பாத்ரூமுக்குப் போக நடந்துதானே ஆக வேண்டும்? கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இன்னொரு கை இருக்கிறது.

அந்த இன்னொரு கைதான் பெரிய எதிரி. அக்கா இடது கையால் சாப்பிடவும், தலை வாரவும், போன் பேசவும் வேகமாகப் பழகிவிட்டாள். பார்க்கிறவர்கள், "பரவாயில்லையே, சமாளிக்கிறாங்களே" என்று மெச்சினார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டாப் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் குரங்குகளை வைத்துக் கண்டுபிடித்தது இதைத்தான். பலவீனமான கையால் முயன்று தோற்றுத் தோற்று, அதைப் பயன்படுத்தாமல் இருக்கவே மூளை பழகிக்கொள்கிறது. பின்னால் கையில் ஓரளவு சக்தி வந்தாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. அதற்கு அவர் சொன்ன வழி, நல்ல கையைக் கட்டிப்போடுவது. எக்சைட் என்ற ஆய்வில் 222 பேரை வைத்து இதைப் பார்த்தார்கள். நல்ல கைக்கு ஒரு தடித்த உறை, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதைப் போட்டிருப்பது இலக்கு, கூடவே தினமும் பல மணி நேரப் பயிற்சி, இரண்டு வாரம். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள் அவர்கள். கைப் பயன்பாட்டில் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது, 2006இல் முடிவு வெளிவந்தது.

வீட்டில் அப்படியே செய்ய முடியாது. நாங்கள் ஒரு பழைய பெரிய சாக்ஸை இடது கையில் மாட்டி, காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டோம். நடக்கும்போதும் அடுப்பு பக்கம் போகும்போதும் கழற்றிவிட வேண்டும், தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் உண்டு. இன்னொன்று, மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிர்ந்து விரியக்கூடியவர்களுக்குத்தான் இந்த முறை. கை முழுக்க அசைவே இல்லாதவருக்கு நல்ல கையையும் கட்டிவிட்டால் அது கொடுமை. அந்த மாதிரி நிலையில் இருப்பவர்களுக்குப் பிசியோ வேறு வழி சொல்வார்.

தோளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீவிரம் என்ற பெயரில் அதிகம் கெடுவது தோள்தான். தசை தளர்ந்த தோளில் மூட்டு லேசாக இறங்கி நிற்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் வலி ஆரம்பிக்கும். வலி வந்துவிட்டால் அந்தக் கையைத் தொடவே விட மாட்டார்கள், பயிற்சி அதோடு போச்சு. கதவில் கப்பி மாட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்து மற்ற கையைத் தலைக்கு மேலே தூக்கும் பயிற்சி பல வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறேன். அதைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. எங்களுக்கும் ஒருவர் கப்பி வாங்கிக் கொடுத்தார். அது இப்போது மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு ஆகிறது.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரு மஞ்சள் சிரிப்புப் பந்தையும் வாங்கி வந்தார்கள். அமுக்கிக்கிட்டே இருங்க, சரியாயிடும் என்பார்கள். அக்காவுக்கு அமுக்குவதில் பிரச்சினையே இல்லை, விரல்கள் தாமாகவே மடங்கி இறுகின. விரிப்பதுதான் வரவில்லை. எந்த அசைவு வரவில்லையோ அதைத்தான் நூறு தடவை செய்ய வேண்டும். வருகிற அசைவை ஆயிரம் தடவை செய்து என்ன பயன்? பந்துகளைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டோம். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்களும் உண்டு. அதற்கு மாமாவே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ரோபோ விஷயத்தில் நான் கொஞ்சம் சபலப்பட்டது உண்மை. கையை மாட்டினால் இயந்திரம் நூற்றுக்கணக்கான தடவை அசைத்துவிடும், எண்ணிக்கைப் பிரச்சினை ஒரே நாளில் தீரும் என்று தோன்றியது. பெரிய நகரத்தில் ஒரு மையம், தொகையும் பெரியது. பிரிட்டனில் 770 பேரை வைத்து ரட்டுல்ஸ் என்ற ஆய்வில் இதைப் பார்த்திருக்கிறார்கள், 2019இல் வெளியானது. ரோபோப் பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்திறன், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட மேம்படவில்லை. அசைவுக்குப் பின்னால் ஒரு காரியமும் சொந்த முயற்சியும் இருக்க வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தப் பணம் தம்பிக்கே போகட்டும் என்று முடிவு செய்தோம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, அக்கா தினமும் உற்சாகமாக நானூறு தடவை செய்தாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பாதி நாள் பாதிகூட வராது. பக்கவாதத்துக்குப் பிறகு வருகிற களைப்பு ஒரு தனி ரகம். நன்றாகத் தூங்கி எழுந்தாலும் குளித்துவிட்டு வந்தாலே போதும், ஆள் சாய்ந்துவிடுவாள். மாமா அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார். "முயற்சியே பண்ண மாட்டேங்கிறா" என்று என்னிடம் புகார். அவளோ, "ஏண்டி, என்னை விட்ருங்கடி" என்பாள். நாங்கள் நாளைத் துண்டு போட்டுக்கொண்டோம். காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒரு கால் மணி நேரம், ஓய்வு, பதினொரு மணிக்கு இன்னொன்று, மதியம் நல்ல தூக்கம், டீக்குப் பிறகு ஒன்று, சீரியல் நேரத்தில் பூட்டு. கஷ்டமானதைக் காலையில் வைத்தோம், அப்போதுதான் தலை தெளிவாக இருக்கும். ராத்திரி எட்டுக்கு மேல் ஒன்றும் கிடையாது. இந்த மாதிரி துண்டு துண்டாகச் செய்தபோது மொத்தத்தில் கூடுதலாகவே வந்தது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்த நாட்களில் அடுத்த நாள் முழுக்கப் படுக்கைதான்.

தலைசுற்றல், நெஞ்சு வலி, திடீர்த் தலைவலி, இருந்த பலமும் குறைவது, பேச்சு மறுபடி குழறுவது, இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றும் வாங்கினோம். மாத்திரை இப்போது மாமா கையில். ரெண்டாவது முறை வந்துவிட்டால் இந்த எண்ணிக்கை எல்லாம் எதற்கு?

ஒரு கட்டத்தில் பட்டன் டப்பாவை அவள் தொடவே இல்லை. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, சும்மா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சாப்பாடும் குறைந்தது. தம்பிதான் முதலில் சந்தேகப்பட்டு டாக்டரிடம் போகச் சொன்னார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறதாம். டாக்டர் மாத்திரை எழுதினார், சில வாரத்தில் ஆள் திரும்பினாள். நாங்கள் திட்டியிருந்தாலும் கெஞ்சியிருந்தாலும் அது நடந்திருக்காது. பயிற்சி நின்றுபோனால் காரணம் கையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஆறு மாதம் ஆகிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் வராது என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. எங்களிடம் சொந்தக்காரர் ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இதில் எவ்வளவு உண்மை என்று தேடினால் பதில் நேராக இல்லை. 2021இல் அமெரிக்காவில் 72 பேரை வைத்து ஒரு ஆய்வு. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு, கூடுதலாக 20 மணி நேரக் கைப் பயிற்சியை ஒரு குழுவுக்கு முதல் மாதத்துக்குள், இன்னொரு குழுவுக்கு இரண்டு முதல் மூன்று மாதத்தில், மூன்றாவது குழுவுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுத்தார்கள். அதிகப் பலன் கிடைத்தது நடுக் குழுவுக்கு. முதல் மாதக் குழுவுக்கும் பலன் உண்டு, கொஞ்சம் குறைவு. ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுத்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்த விஷயம், எந்த வேலையைப் பழக வேண்டும் என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள்.

கேத்தரின் லாங் குழுவின் இன்னொரு ஆய்வு, 2016இல் வந்தது, என்னைப் போன்ற எண்ணிக்கைப் பைத்தியங்களுக்கு ஒரு குட்டு. பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 85 பேர். மொத்தம் 3200, 6400, 9600 தடவை என்று வெவ்வேறு அளவு பயிற்சி. அதிகம் செய்தவர்கள் அதிகம் தேறவில்லை. ஆனால் லண்டனில் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் மூன்றே வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி கொடுக்கிறார்கள். 224 பேரின் விவரத்தை 2019இல் வெளியிட்டார்கள், அவர்களில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கை தெளிவாக முன்னேறியது, ஆறு மாதம் கழித்தும் அது குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை என்பதால் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் கணக்கு இது: முதல் சில மாதங்களில் செய்வதற்கு வட்டி அதிகம், அதை வீணடிக்கக் கூடாது. பிறகும் வரும், ஆனால் அதற்கு உழைப்பு பல மடங்கு வேண்டும்.

பிரிட்டனில் நைஸ் என்ற அரசு அமைப்பின் வழிகாட்டுதலில் முன்பு ஒவ்வொரு சிகிச்சைக்கும் தினம் 45 நிமிஷம், வாரம் ஐந்து நாள் என்று இருந்தது. 2023இல் அதை மாற்றி, எல்லாச் சிகிச்சையும் சேர்த்து தினம் குறைந்தது 3 மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் தினம் மூன்று மணி நேரத்துக்கு ஆள் வைத்துச் சிகிச்சை செய்துகொள்ள யாரால் முடியும்? குடும்பம்தான் செய்ய வேண்டும் என்று சொல்வது சுலபம். அதையும் நம் நாட்டில் சோதித்திருக்கிறார்கள். அட்டெண்ட் என்ற ஆய்வு, இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே வாழ்கிறவர்கள், பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் ஒரே 47 சதவீதம். 2017இல் இந்த முடிவு வந்தது.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அது தானாக நடந்துவிடாது. சொல்லிக்கொடுத்தவர் திரும்பத் திரும்ப வந்து, சுலபமானதை எடுத்துவிட்டு அடுத்த கஷ்டத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செய்தது தம்பி. நாங்கள் மட்டும் இருந்திருந்தால் நூல்கண்டிலேயே நின்றிருப்போம். பணம் கட்ட முடியாதவர்கள் ஒன்றை விசாரிக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் சேர்த்திதான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அப்படி வருகிறவரிடம், "இன்னைக்கு என்ன பண்ணினீங்க" என்று கேட்பதைவிட, "அடுத்து நீங்க வர்ற வரைக்கும் எதை, எத்தனை தடவை, எந்த அளவு கஷ்டத்தில் செய்யட்டும்" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அக்கா கடையை மறுபடி திறந்திருக்கிறாள், அரை நாள். அளவெடுப்பது, மார்க் போடுவது, நேர்த்தையல் எல்லாம் வருகிறது. கத்தரி பிடித்துத் துணி வெட்ட மட்டும் கை சீக்கிரம் நோகிறது என்று கரண்டில் ஓடும் கத்தரி வாங்கியிருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறாள், ஆனால் அதற்குக் கண்ணும் ஒரு காரணம். காஜா எடுக்கும் வேலையைத் தெருவில் ஒரு பெண்ணிடம் கொடுத்துவிடுகிறாள். தம்பி இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். போன தடவை வந்தபோது அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, அடுத்ததாகக் கொக்கி வைத்துத் தைப்பதை வலது கையால் பழகச் சொல்லியிருக்கிறார். ஒரு பிளவுஸுக்கு ஐந்தாறு கொக்கி. ஒரு நாளைக்கு ஒரு பிளவுஸ் போதும் என்று சொல்லியிருந்தார், அவள் இரண்டு எடுத்து வைத்திருக்கிறாள்.